13 மாதங்களாகத் திரும்பாத ரிவால்வர்

வாசகர் கேள்வி:

அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். 1970களில் தயாரான கோல்ட் பைத்தான் ரிவால்வர் ஒன்றை வாங்கினேன். தோட்டாக்கள் நிற்கும் சிலிண்டரின் இரண்டு அறைகளில் டைமிங் பிந்துகிறது (தோட்டாவை அடிக்கும் ஹாமர் முழுவதும் பின்னால் போகும்போது அறை குழலுக்கு நேரே வந்து பூட்டிக்கொள்வதில்லை) என்று உள்ளூர்க் கடைக்காரர் சொன்னதால், வேறு மாநிலத்தில் தனியாளாகப் பட்டறை நடத்தும் பெயர்பெற்ற ட்யூனர் ஒருவருக்கு அந்தக் கடை வழியாக அதை அனுப்பினேன். டைமிங்கைச் சரிசெய்வதுடன், போட்டிகளில் சுடுவதற்கு ஏற்றபடி, டிரிக்கரை இழுத்தாலே ஹாமர் பின்னே போய் அடிக்கும் டபுள் ஆக்‌ஷனை மென்மையாக்கித் தரும்படியும் கேட்டேன். ஆறு முதல் எட்டு மாதம் ஆகும் என்றார். பாதிப் பணத்தை முன்பணமாகக் கிரெடிட் கார்டில் செலுத்தினேன். இப்போது 13 மாதங்கள் ஆகிவிட்டன. மின்னஞ்சல்களுக்குப் பதில் இல்லை. ஒரே ஒரு முறை தொலைபேசியை எடுத்து, ‘அடுத்த மாதம்’ என்று சொல்லி வைத்துவிட்டார். நான் ஏமாந்துவிட்டேனா? அழுத்திக் கேட்டால் கோபத்தில் வேலையைக் கெடுத்துவிடுவாரோ என்றும் தயக்கமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு, வணக்கம்.

நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள் என்று சொல்ல உங்கள் கடிதத்தில் ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் அவர் உங்களை நடத்தியிருக்கும் விதம் சரி என்று சொல்லவும் என்னால் முடியாது. ரிவால்வர் வேலையையே தொழிலாகக் கொண்டு, என் பட்டறையிலும் நீண்ட காத்திருப்பு வரிசை ஒன்றை வைத்திருப்பவன் என்ற முறையில், தாமதத்தையும் மௌனத்தையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். முதலாவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. இரண்டாவதற்குக் காரணங்கள் உண்டே தவிர நியாயம் இல்லை.

தாமதத்தை முதலில் பார்ப்போம். பைத்தான் சந்தைக்கு வந்தது 1955இல் என்றாலும், அதன் உள்ளமைப்பு 1908இல் வெளியான ஆர்மி ஸ்பெஷல் ரிவால்வரின் வழிவந்தது. ஸ்மித் அண்டு வெஸன் ரிவால்வரில் ஹாமரை அடிக்கச் செய்ய ஒரு ஸ்பிரிங்கும், டிரிக்கரைப் பழைய இடத்துக்குத் திருப்ப இன்னொரு ஸ்பிரிங்கும் இருப்பதால், ஒன்றைத் தொடாமல் மற்றொன்றைத் திருத்த முடியும். பழைய கோல்ட்டில் இந்த இரண்டு வேலைகளையும் ‘வி’ வடிவத்தில் வளைந்த ஒரே தகட்டு ஸ்பிரிங் செய்கிறது. அதைச் சற்றே தளர்த்தினால் டிரிக்கர் இலேசாகும். அதே சமயம் ஹாமரின் அடி குறையும், டிரிக்கர் திரும்பி வரும் வேகமும் குறையும். சிலிண்டரைச் சுழற்றும் ‘ஹேண்ட்’ என்ற சிறு பாகத்துக்கு இரண்டு முனைகள் இருக்கின்றன. முதல் முனை சிலிண்டரைச் சுழற்றத் தொடங்குகிறது, இரண்டாவது முனை அதைக் கடைசி வரை கொண்டு சேர்க்கிறது. டிரிக்கரை முழுவதுமாகப் பின்னிழுத்துக் குண்டு வெளியேறும் கணத்திலும் அந்த முனை சிலிண்டரை அழுத்திப் பிடித்தபடியே இருக்கிறது. பைத்தானின் பூட்டு இறுக்கமானது என்று அனைவரும் புகழ்வது இதனால்தான். சுடச்சுட அந்த முனை தேய்ந்து டைமிங் பிந்துவதும் இதனால்தான்.

ஆகவே உங்கள் ரிவால்வரில் இரண்டு அறைகள் மட்டும் பிந்துகின்றன என்றால், ஹேண்டின் தேய்மானத்தோடு சிலிண்டரின் பின்புறமுள்ள பற்களில் அந்த இரண்டு பற்களின் நிலையையும் பார்த்தாக வேண்டும். ஹேண்டை நீட்டினால் பிந்துகிற இரண்டு அறைகளும் சரியாகும், ஆனால் சரியாக இருந்த மற்ற நான்கும் இறுகிப் போகலாம். ஒரு பாகத்தைத் தொட்டுவிட்டு ஆறு அறைகளையும் திரும்பத் திரும்பச் சோதிக்கிற வேலை இது. 2020இல் கோல்ட் மீண்டும் வெளியிட்ட பைத்தான் உள்ளுக்குள் வேறு வடிவமைப்பு கொண்டது என்பதால், அதன் பாகங்கள் பழையதற்குப் பொருந்துவதில்லை. பழைய ஹேண்டு ஒன்று தேவைப்பட்டால் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த வேலையைத் தெரிந்தவர்களும் குறைந்துவிட்டார்கள். 1980களிலும் 1990களிலும் அமெரிக்கக் காவல் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டுப் பிஸ்டலுக்கு மாறியபோது, ஒவ்வொரு துறையிலும் ரிவால்வர்களைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றிருந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கனெக்டிகட் மாநிலத்துக் கோல்ட் ஆலையில் கையாலேயே பாகங்களைப் பொருத்திப் பழகிய தலைமுறையும் ஓய்வு பெற்றுவிட்டது. ஸ்மித் அண்டு வெஸன் ரிவால்வரில் வேலை செய்ய ஆள் கிடைப்பார்கள். பழைய கோல்ட்டை எடுத்துக்கொண்டு போனால், ‘அதை நான் தொடுவதில்லை’ என்று துப்பாக்கி பழுதுபார்க்கும் நல்ல கன்ஸ்மித்துகளே கைவிரிப்பார்கள். இருக்கிற சிலரிடம் நாடு முழுவதிலிருந்தும் வேலை வந்து குவிகிறது. உங்கள் ரிவால்வர் மீது நடக்கப்போகும் வேலை ஓரிரு நாட்களுக்குரியதுதான்; மீதி மாதங்கள் எல்லாம் வரிசையில் நிற்பதற்கானவை. எட்டு மாதம் என்று சொல்லிப் பன்னிரண்டு மாதம் ஆவது இத்தொழிலில் வழக்கத்துக்கு மாறானது அன்று.

மௌனம் வேறு. தனியாளாக வேலை செய்பவர் தொலைபேசியை எடுத்தால் கையில் உள்ள அரத்தைக் கீழே வைக்க வேண்டும் என்பதும், ‘எப்போது முடியும்’ என்ற ஒரே கேள்வியை நாள் முழுவதும் எதிர்கொள்பவருக்குச் சலிப்புத் தட்டும் என்பதும் உண்மையே. தான் சொன்ன கெடு தவறிவிட்டது என்ற கூச்சத்தில் பதில் எழுதாமல் தள்ளிப்போடுகிறவர்கள்தான் பெரும்பாலோர். ஏமாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. ஆனால் நீங்கள் அவரிடம் கொடுத்திருப்பது தைக்கக் கொடுத்த சட்டை அன்று. தொடர் எண் பொறித்த, உங்கள் பொறுப்பில் உள்ள ஆயுதம் அது. அது எங்கே, எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய உங்களுக்குள்ள உரிமையை அவருடைய வேலைப்பளு குறைத்துவிடாது.

இந்த இடத்தில் சட்டம் உங்களுக்கு உதவியாக இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, பிறருடைய துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பதைத் தொழிலாகச் செய்பவர் மத்திய அரசின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். வாடிக்கையாளரின் துப்பாக்கி அன்றைக்கே திரும்பிப் போகாமல் பட்டறையில் தங்கினால், அதன் தயாரிப்பாளர், மாதிரி, தொடர் எண், யாரிடமிருந்து எந்தத் தேதியில் வந்தது என்ற விவரங்களை, துப்பாக்கிகள் வந்ததையும் போனதையும் குறிக்கும் வரவு-செலவுப் பதிவேட்டில் அவர் எழுதியாக வேண்டும். திருப்பி அனுப்பும்போது அதையும் எழுத வேண்டும். எனவே ‘எப்போது முடியும்’ என்று கேட்பதற்கு முன்னால், ‘எந்தத் தேதியில் என் ரிவால்வரைப் பதிவேட்டில் வரவு வைத்தீர்கள், அது இப்போது உங்கள் பெட்டகத்தில் இருக்கிறதா’ என்று கேளுங்கள். ‘எப்போது முடியும்’ என்பதற்குப் பதில் சொல்ல அவர் எதிர்காலத்தைக் கணிக்க வேண்டும். இதற்கோ ஒரு பக்கத்தைப் புரட்டினால் போதும். அதற்கும் பதில் வராவிட்டால்தான் கவலைப்பட வேண்டும்.

அவருடைய உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ரிவால்வரை அனுப்பிவைத்த உங்கள் உள்ளூர்க் கடைக்காரரிடம் அந்த உரிமத்தின் நகல் இருக்கும். அதிலுள்ள எண்ணைக் கொண்டு, துப்பாக்கி உரிமங்களைக் கவனிக்கும் ஏ.டி.எஃப். எனப்படும் மத்தியத் துறையின் இணையச் சரிபார்ப்பு வசதியில் தேடினால், உரிமம் செல்லுமா, எந்த முகவரிக்கு உரியது என்பது தெரிந்துவிடும். உரிமத்தின் காலம் மூன்று ஆண்டுகள். அது காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல் இருந்தால், நான் கீழே சொல்லும் பொறுமை உங்களுக்குத் தேவையில்லை, நேரடியாக ஏ.டி.எஃப். அலுவலகத்தையும் அப்பகுதிக் காவல் துறையையும் அணுகுங்கள்.

உரிமம் நடப்பில் இருந்தால், மின்னஞ்சலை விட்டுவிட்டு ஒரு தாள் கடிதம் எழுதுங்கள். கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு வரும்படியான பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். நூறு மின்னஞ்சல்களுக்கு நடுவில் காணாமல் போகாதது அது ஒன்றுதான். பின்னால் வழக்கு என்று போனாலும் நிற்கக்கூடியதும் அதுதான். கடிதம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ரிவால்வரின் தொடர் எண், அனுப்பிய தேதி, அவர் சொன்ன கால அளவு, செலுத்திய முன்பணம் ஆகியவற்றை முதலில் குறிப்பிட்டுவிட்டு, வேலை தொடங்கிவிட்டதா என்று கேளுங்கள். தொடங்கவில்லை என்றால், இன்ன தேதிக்குள் தொடங்கி இன்ன தேதிக்குள் முடித்துத் தர முடியுமா, முடியாது என்றால் முன்பணத்தோடு ரிவால்வரை அப்படியே திருப்பி அனுப்ப முடியுமா என்று இரண்டே வழிகளை முன்வையுங்கள். பதில் தர 30 நாள் அவகாசம் கொடுங்கள். குற்றச்சாட்டு எதுவும் வேண்டாம். கூச்சத்தால் ஒதுங்கியிருப்பவருக்குத் திரும்பி வர ஒரு கதவைத் திறந்துவைக்க வேண்டும். ரிவால்வரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற யோசனையே பலருக்கு அப்படியொரு நிம்மதியைத் தருவதை நான் பார்த்திருக்கிறேன்.

அவர் ஏற்கெனவே பிரித்துவிட்டார் என்றால் நிலைமை மாறுகிறது. அப்போது ‘உடனே அனுப்புங்கள்’ என்று கேட்காதீர்கள். பிரித்துப் போட்ட கோல்ட் ஒன்று, பாதி அரம் போட்ட பாகங்களோடு ஒரு பெட்டியில் வந்து சேர்ந்தால், அதை எடுத்துச் செய்ய அடுத்த ட்யூனர் கிடைப்பது முதலாமவர் கிடைத்ததைவிடக் கடினம். எனக்கு முன்னால் தொட்டவர் எங்கே எவ்வளவு எடுத்தார் என்று தெரியாமல் நானே அத்தகைய வேலையை ஏற்கத் தயங்குவேன். பிரித்த வேலையை முடிக்கச் சொல்லி ஒரு தேதி வாங்குங்கள். அல்லது இயங்கும் நிலையில் மீண்டும் பொருத்தி, எந்தெந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற குறிப்போடு அனுப்பச் சொல்லுங்கள்.

முன்பணத்தைப் பற்றி எச்சரிக்கையாக ஒன்று சொல்ல வேண்டும். கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். 1974ஆம் ஆண்டின் கடன் கணக்குச் சட்டம் இதற்குத் தரும் அவகாசம், அந்தக் கட்டணம் இடம்பெற்ற முதல் கணக்கு அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்கள். அது உங்களுக்கு எப்போதோ கடந்துவிட்டது. கார்டு நிறுவனத்தின் சொந்த விதிகள் அதைவிடத் தாராளமாக இருக்கலாம் என்பதால் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ரிவால்வர் அவரிடம் இருக்கும்போது பணத்தைப் பிடுங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செய்த வேலைக்குக் கூலி வரும் வரை பொருளைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமையைப் பல மாநிலங்கள் பழுதுபார்ப்பவருக்குத் தருகின்றன. முன்பணத்தைவிடப் பல மடங்கு மதிப்புள்ள பொருள் அவரிடம் இருக்கிறது; முதலில் பொருள் வரட்டும், பிறகு பணத்தைப் பேசிக்கொள்ளலாம்.

30 நாளில் பதில் வராவிட்டால், அவருடைய மாநிலத்து அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையாதவர்களுக்குச் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. டெக்சஸில் இத்தகைய வழக்குகளுக்கான வரம்பு 20,000 டாலர் என்றாலும், எதிராளி வேறு மாநிலத்தவர் என்பதால் பொதுவாக அவருடைய ஊரில்தான் வழக்குத் தொடுக்க வேண்டியிருக்கும். அங்கே வரம்பு வேறாக இருக்கும். ஏ.டி.எஃப். இதில் தலையிடாது, வேலை தாமதமாவது அவர்களுக்குக் குற்றமன்று. ஆனால் ரிவால்வரைக் காணவில்லை என்று அவர் சொன்னால் கதை வேறு. உரிமம் பெற்றவரின் இருப்பிலிருந்து துப்பாக்கி தொலைந்தாலோ திருடப்பட்டாலோ, அதைக் கண்டறிந்த 48 மணி நேரத்துக்குள் ஏ.டி.எஃப்.புக்கும் உள்ளூர்க் காவல் துறைக்கும் அவர் தெரிவித்தாக வேண்டும். தெரிவித்துவிட்டாரா என்று கேட்டு, அறிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

வயதான கைவினைஞர்களிடம் வேலை கொடுப்பவர்கள் நினைக்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு உடல்நலமில்லாமல் இருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். பட்டறை மூடப்பட்டால் அதன் பதிவேடுகள் 30 நாட்களுக்குள் ஏ.டி.எஃப்.பிடம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. ரிவால்வர் உங்களுடையது என்பதற்கு அந்தப் பதிவேட்டு வரியும், நீங்கள் வைத்திருக்கும் அனுப்புகைச் சீட்டும், முன்பண ரசீதும்தான் சாட்சி. குடும்பத்தாருக்கு எது வாடிக்கையாளருடையது, எது சொந்தம் என்று தெரிய வாய்ப்பில்லை. இந்தத் தாள்களை இன்றைக்கே ஓரிடத்தில் சேர்த்துவையுங்கள்.

கோபித்துக்கொண்டு வேலையைக் கெடுத்துவிடுவாரோ என்ற உங்கள் அச்சத்துக்கு இடமில்லை. தன் பெயரால் பிழைக்கும் மனிதர் தன் பெயர் தாங்கிப் போகும் வேலையை வேண்டுமென்றே கெடுப்பதில்லை. மரியாதையாகக் கேட்பவரின் வேலை, கேட்காதவரின் வேலைக்குப் பின்னால் தள்ளப்படுவதும் இல்லை, நேர்மாறாகவே நடக்கிறது. பொதுவெளியில் குறை எழுதுவதை மட்டும் ரிவால்வர் வீடு வந்து சேரும் வரை தள்ளிவையுங்கள்.

உங்கள் பக்கத்தில் ஒன்றைத் தெளிவாக்கினால் தாமதம் ஓரளவு குறையும். ‘மென்மையாக்கித் தாருங்கள்’ என்பது எங்களுக்குப் போதாத சொல். ஆலையிலிருந்து வரும் ரிவால்வரின் டபுள் ஆக்‌ஷன் இழுப்பு பெரும்பாலும் 10 முதல் 12 பவுண்டு வரை இருக்கும். அதைக் கணிசமாகக் குறைத்தால் ஹாமரின் அடி மெலிந்து, பிரைமர் (ஹாமரின் அடியால் பற்றிக்கொள்ளும் சிறு பாகம்) கடினமான தோட்டாக்கள் வெடிக்காமல் போகும். ஃபெடரல் நிறுவனத்தின் பிரைமர்கள் எளிதில் பற்றிக்கொள்பவை என்பதால், போட்டியாளர்கள் அவற்றை மட்டுமே பயன்படுத்தி மிக இலேசான இழுப்பை வைத்துக்கொள்கிறார்கள். தற்காப்புக்கும் அதே ரிவால்வரை வைத்திருப்பவர் அப்படிச் செய்யக் கூடாது. நீங்கள் எந்தத் தோட்டாவைச் சுடுவீர்கள், எதற்காக என்பதை எழுதாமல் விட்டிருந்தால், உங்கள் ரிவால்வர் அந்தக் கேள்வியோடு ஒரு மூலையில் காத்திருக்கவும் கூடும். வாடிக்கையாளரின் முடிவுக்காக ஒதுக்கிவைத்த வேலைகள் எந்தப் பட்டறையிலும் உண்டு.

இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், போட்டிக்குப் பழைய பைத்தானைத் தயார்செய்வதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ரிவால்வர் போட்டிகளுக்கென்றே நடத்தப்படும் ஐகோர் அமைப்பின் போட்டிகளில் நீங்கள் பெரும்பாலும் பார்க்கப்போவது ஸ்மித் ரிவால்வர்களைத்தான். பாகம் கிடைக்கும், ட்யூனர் கிடைப்பார், ஒன்று பழுதானால் அந்த ஆண்டின் போட்டிகள் முழுவதும் வீணாகாது. ஸ்மித்தின் 686 மாதிரி ஒன்றை வாங்கி அதில் பயிற்சி செய்யுங்கள். பைத்தானுக்கு டைமிங்கை மட்டும் சரிசெய்துகொண்டு, அதன் இழுப்பை ஆலை வைத்தபடியே விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. வேலையின் அளவு குறைந்தால் அவரும் விரைவில் முடிக்கக்கூடும். கடிதத்தில் இதையும் எழுதலாம்.

அடுத்த முறை வேறொருவரிடம் போகும்போது ஒன்றை வற்புறுத்துங்கள்: வரிசையில் உங்கள் பெயர் நிற்கட்டும், ரிவால்வர் நிற்க வேண்டாம். முறை வருவதற்கு இரண்டு வாரம் முன்பு தகவல் சொல்லுங்கள், அப்போது அனுப்புகிறேன் என்று சொன்னால் ஒழுங்கான ட்யூனர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வார்; அவருடைய பெட்டகத்தில் இடமும் மிஞ்சும், பொறுப்பும் குறையும். காத்திருக்கும் மாதங்களில் ரிவால்வர் உங்கள் வீட்டிலேயே இருக்கும். முன்பணத்தையும் அப்போது கொடுத்தால் போதும். வாடிக்கையாளர்களின் பொருட்களுக்கு அவர் காப்பீடு வைத்திருக்கிறாரா என்று கேட்பதிலும் தவறில்லை. உங்கள் வீட்டுக் காப்பீட்டை நம்பாதீர்கள், வழக்கமான ஒப்பந்தங்களில் துப்பாக்கித் திருட்டுக்கு 2,500 டாலர் போன்ற தனி வரம்பு இருக்கும்.

ரிவால்வர் திரும்பி வரும் நாளுக்கும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பழுதுபார்த்ததை யாரிடமிருந்து பெற்றாரோ அவருக்கே கன்ஸ்மித் திருப்பிக் கொடுக்கும்போது, துப்பாக்கி வாங்குபவர் நிரப்பும் 4473 படிவமும் பின்னணிச் சோதனையும் தேவையில்லை. உங்கள் முகவரிக்கே அனுப்பலாம். உங்கள் ரிவால்வர் உள்ளூர்க் கடை வழியாகப் போனது என்பதால், பதிவேட்டில் யாருடைய பெயர் இருக்கிறது, எந்த வழியாகத் திரும்பும் என்பதை இருவரிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கே வருவதாக இருந்தால், வயதுவந்த ஒருவரின் கையொப்பம் பெற்றே பொட்டலம் தரப்படும். நம் வீடுகளில் பகலில் கதவைத் திறப்பது ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோராகவோ, ஹெச்-1பி, ஹெச்-4 விசாவில் தங்கியிருக்கும் உறவினராகவோ இருக்கலாம். குடியேறாதோர் விசாவில் உள்ளவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாமல் துப்பாக்கியைப் பெறுவதையும் வைத்திருப்பதையும் மத்தியச் சட்டம் தடை செய்கிறது. பொட்டலம் வரும் நாளைத் தெரிந்துகொண்டு நீங்களே வீட்டில் இருங்கள், அல்லது பொட்டல நிறுவனத்தின் மையத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

வந்ததும், தோட்டா எதுவும் இல்லை என்பதை இரண்டு முறை உறுதிசெய்துகொண்டு, சிலிண்டர் மீது விரலை இலேசாக வைத்துத் தடைகொடுத்தபடி ஹாமரை மெல்லப் பின்னிழுங்கள். ஹாமர் முழுவதும் பின்னால் போய் நிற்பதற்கு முன்பே, அல்லது அதே நேரத்தில், சிலிண்டர் பூட்டிக்கொள்ளும் ஒலி கேட்க வேண்டும். இதை ஆறு அறைகளுக்கும் செய்து, முன்பு பிந்திய இரண்டையும் தனியாகக் குறித்துப் பாருங்கள். கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேய்ந்த ஹேண்டுகூட, இனி யாராவது இந்த ரிவால்வரைத் திறக்க நேர்ந்தால், என்ன செய்யப்பட்டது என்பதை அவருக்குச் சொல்லும்.

அன்புடன்,
உங்கள் கன்ஸ்மித்